நாட்டின் மின்சாரத்தை முடிவு செய்வது இயற்கை வளமா, அரசின் கொள்கையா?

காற்றும் நிலக்கரியும் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதானே மின்சாரம் கிடைக்கும், கொள்கையால் என்ன பெரிதாக மாறிவிடும் என்று கேட்டிருக்கிறீர்கள். நிறைய மாறும். கோவைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரிக்கல் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். அந்த மில்லுக்குச் சொந்தமாகக் காற்றாலைகளும் இருந்தன. அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த தமிழ்நாட்டுக் காற்றாலைகளை வைத்தே சொல்கிறேன்.

ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு கணவாய்கள் வழியாக வைகாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை காற்று அடிப்பது காலகாலமாக இருப்பதுதான். தூத்துக்குடி அருகே 1986-ல் அரசு சோதனைக்காகச் சில காற்றாலைகளை நிறுவியது. ஆனால் கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலை இன்று நாம் பார்க்கும் காற்றாலைக் காடாக ஆக்கியதில் வருமான வரிச் சட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1990-களில் ஒரு கம்பெனி காற்றாலை வாங்கினால், அதன் முழு விலையையும் முதல் வருடமே தேய்மானமாக, அதாவது இயந்திரம் பழசாவதால் குறையும் மதிப்பாகக் காட்டி, வரி கட்ட வேண்டிய லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். பின்னால் அது 80 சதவீதமானது. லாபத்தில் ஓடும் மில்லுக்கு இதைவிட நல்ல முதலீடு எது? நூல் நூற்கிறவர்களும் சிமெண்ட் தயாரிக்கிறவர்களும் காற்றாலை முதலாளிகளானது இப்படித்தான்.

அப்புறம் வீலிங், பேங்கிங் என்று இரண்டு வசதிகள். கன்னியாகுமரி மாவட்டத்தில் சுற்றும் காற்றாலையின் யூனிட்டை மின்வாரியத்தின் கம்பி வழியாக அனுப்பி, கோவை மில்லின் மின்கட்டணத்தில் கழித்துக்கொள்வது வீலிங். காற்று சீசனில் மிஞ்சும் யூனிட்டை வாரியத்தின் கணக்கில் விட்டுவைத்து, காற்று இல்லாத மாதங்களில் எடுத்துக்கொள்வது பேங்கிங். எங்களைப் போன்ற மில்களுக்கு இது உயிர்நாடி. வாரியத்தின் பக்கம் நின்று பார்த்தால் வேறு கதை: தேவை குறைவான நள்ளிரவில் நாம் கொடுத்த யூனிட்டை, வெளிச்சந்தையில் விலை ஏறிக் கிடக்கும் மாதத்தில் அவர்கள் திருப்பித் தர வேண்டும். இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது.

வரிச்சலுகையில் ஒரு கோளாறு இருந்தது. இயந்திரத்தை நிறுவியதற்குச் சலுகை, எவ்வளவு ஓடியது என்பதற்கு இல்லை. முழுத் தேய்மானம் வேண்டுமானால் செப்டம்பர் 30-க்குள் ஓட விட வேண்டும், பாதியாவது வேண்டுமானால் மார்ச் 31-க்குள். அதனால் அந்த இரண்டு தேதிகளுக்கு முன்னால் வேலை பரபரப்பாக நடக்கும். 2009 டிசம்பரில்தான் மத்திய அரசு, உற்பத்தியாகும் யூனிட்டுக்கு 50 காசு என்று இன்னொரு ஊக்கத்தொகையைக் கொண்டுவந்தது. 2012 மார்ச்சோடு அதுவும் நின்றது, அந்த 80 சதவீதத் தேய்மானச் சலுகையும் நின்றது. 2011-12-ல் நாடு முழுவதும் 3,000 மெகாவாட்டுக்கு மேல் புதிதாக வந்த காற்றாலைகள், அடுத்த வருடம் சுமார் 1,700 மெகாவாட்டாகச் சரிந்தன. அந்த வருடம் காற்று ஒன்றும் குறைந்துவிடவில்லை.

சலுகையையாவது ஒரே உத்தரவில் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். கம்பியை அப்படிக் கொண்டுவர முடியாது. கொள்கையின் பலம் உண்மையில் தெரிவது அங்கேதான் என்பது என் எண்ணம். பணமும் நிலமும் இருந்தால் சில மாதங்களில் காற்றாலை நிறுவிவிடலாம். அதன் மின்சாரத்தை வெளியே கொண்டுபோகும் 400 கிலோவோல்ட் கம்பிக்கும் துணை மின்நிலையத்துக்கும் வருடக்கணக்கில் ஆகும். ஒவ்வொரு கோபுரத்துக்கும் யாரோ ஒருவருடைய வயல் வேண்டும். முதல் வேலையைத் தனியாரிடம் விட்டு வேகப்படுத்தினார்கள். இரண்டாவது வேலை வாரியத்தின் தலையில் இருந்தது, அங்கே பணம் இல்லை. தமிழ்நாட்டில் 2003-ல் மாற்றிய மின்கட்டணத்தை 2010 வரை உயர்த்தவே இல்லை. இடையில் நிலக்கரி விலையும் தேவையும் ஏறிக்கொண்டே போயின.

விளைவை நாம் எல்லோரும் அனுபவித்தோம். 2008 நவம்பரில் மில்கள் போன்ற பெரிய நுகர்வோரின் உயரழுத்த இணைப்புகளுக்கு 40 சதவீத மின்வெட்டு வந்தது. அந்தக் கட்டுப்பாடுகள் முழுதாக விலகியது 2015 ஜூனில். நடுவில் 2012-ல் சென்னையில் இரண்டு மணி நேரம் என்றால், மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கும் மேலே. மில்லில் டீசல் ஜெனரேட்டர் ஓட்டியே நூல் நூற்றோம். டீசலில் ஒரு யூனிட்டுக்கு ஆகும் செலவு ஈ.பி. கட்டணத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதே காலத்தில், லைன் தாங்காது, காற்றாலையை நிறுத்துங்கள் என்று தகவல் வரும். நல்ல ஆடிக்காற்றில் இறக்கையைத் திருப்பி இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மில்லில் டீசல் ஊற்றியதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

இதே கம்பிப் பிரச்சனை தேசிய அளவிலும் இருந்தது. 2013 வரை தென்னிந்திய மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதிகளோடு ஒரே அதிர்வெண்ணில் இணைக்கப்படவில்லை. தால்சேர்–கோலார் போன்ற சில உயரழுத்த நேர்மின் (டி.சி.) இணைப்புகள் மட்டும்தான் இருந்தன. வடக்கில் மின்சாரம் மலிவாகக் கிடைத்தாலும் தெற்கே கொண்டுவர வழி போதாது. சந்தையில் தென்மண்டலத்துக்கு மட்டும் விலை ஏறி நிற்கும். (2012 ஜூலை 30, 31-ல் வடக்கும் கிழக்கும் இருண்டபோது நாம் தப்பியதும் இந்தத் தனிமையால்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.) 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் கம்பி இணைந்த பிறகு நாடு முழுவதும் ஒரே தொகுப்பானது. பிறகு சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூர் வரை 6,000 மெகாவாட் தாங்கும் நேர்மின் தடமும் வந்தது. காற்று நின்றால் அங்கிருந்து வரும், காற்று அதிகமானால் இங்கிருந்து போகலாம். உள்ளூரிலும் பசுமை மின்வழித் திட்டத்தில் காற்றாலைகளுக்கென்றே துணை மின்நிலையங்கள் கட்டினார்கள்.

இப்போது நிற்கும் சிக்கலும் கொள்கை சார்ந்ததுதான். நாட்டிலேயே நல்ல காற்று வீசும் இடங்களில் ஒன்றான முப்பந்தலில், தொண்ணூறுகளில் வைத்த 225, 250 கிலோவாட் இயந்திரங்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றை எடுத்துவிட்டு 2, 3 மெகாவாட் இயந்திரங்களை வைத்தால், குறைந்த எண்ணிக்கையில் பல மடங்கு உற்பத்தி செய்யலாம். அதற்காக 2024-ல் தமிழ்நாடு அரசு தனியாக ஒரு கொள்கையே அறிவித்தது. உரிமையாளர்கள் கேட்ட முதல் கேள்வி, பழைய இயந்திரத்தை எடுத்தால் என் பேங்கிங் என்ன ஆகும் என்பதுதான். ஒரு மில்லின் கணக்குப் புத்தகத்தை அறிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவர்கள் கேட்பது பேராசையால் அல்ல. பழைய இயந்திரத்தின் கடன் எப்போதோ அடைந்துவிட்டது, ஓடும் வரை லாபம். புதியதற்குக் கோடிக்கணக்கில் கடன் வாங்க வேண்டும். அந்தக் கடன் அடையும் வரையாவது பேங்கிங்கை உறுதி செய்து, பெரிய இயந்திரங்களைத் தாங்கும் கம்பியையும் முதலிலேயே போட்டுக் கொடுத்தால், மாற்றுவதற்கு முன்வர நிறையப் பேர் இருக்கிறார்கள்.