கடையில் மரியாதை வாங்க விலையுயர்ந்த உடுப்பு வேண்டுமா? பாரிசுக்குப் புதிதாக வந்த தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்கள் கேட்டதைச் சுருக்கி முதலில் எழுதிவிடுகிறேன். அண்மையில் வந்த மற்றவர்களுக்கும் உதவும். பாரிசுக்கு வந்து சில மாதங்கள் ஆகின்றன. சல்வாரும், அதன் மேல் கணவருடைய பழைய குளிர் அங்கியுமாக ஒரு பெரிய கடைக்குப் போயிருக்கிறீர்கள். விற்பனைப் பெண் உங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. உங்களுக்குப் பிறகு வந்த பெண்ணிடம் ஓடிப்போய் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டியிருக்கிறாள். வாசலில் நின்ற காவலாளி நீங்கள் போன பக்கமெல்லாம் பின்னால் வந்திருக்கிறார். "இங்கே மனுசராக மதிக்க வேண்டுமென்றால் விலை கூடிய உடுப்பும் கைப்பையும் வாங்கத்தான் வேண்டுமா? முதல் சம்பளத்தில் வாங்கிவிடவா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்க வேண்டாம். மற்றதையெல்லாம் பிறகு பேசலாம், இதை மட்டும் முதலில் மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஊருக்கு அனுப்ப வேண்டிய காசையும் வீட்டு வாடகைக் காசையும் இப்படிப்பட்ட ஒரு பின்னேரத்தின் கோபத்தில் கைப்பையாக மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

நான் இந்த நகரத்தில் பெண்கள் உடுப்புக் கடையொன்றில் பல ஆண்டுகள் விற்பனை வேலை செய்தவள். மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். அன்று உங்களுக்கு நடந்ததில் இந்த நாட்டு வழக்கம் தெரியாத குறையும் இருக்கலாம், விற்பனைக் கணக்கும் இருக்கலாம், நம்முடைய தோல் நிறமும் இருக்கலாம். இவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால்தான் எதைப் பொருட்படுத்தாமல் விடுவது, எதற்கு நின்று நியாயம் கேட்பது என்பது விளங்கும்.

வழக்கத்திலிருந்து தொடங்குகிறேன். ஊரில் கடைக்குள் காலெடுத்து வைத்தால் "வாருங்கள் அக்கா, என்ன எடுக்கப் போகிறீர்கள்?" என்று கேட்பது கடைக்காரரின் பொறுப்பு. நாம் தலையசைத்தால் போதும். பிரான்சில் கடைக்குள் போவது இன்னொருவர் வீட்டுக்குள் போவதைப் போன்றது. வருபவர்தான் முதலில் "பொன்ஜூர்", அதாவது வணக்கம், சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் துணியைத் தொட்டாலோ நேரடியாக விலையைக் கேட்டாலோ அவமதித்துவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். நாமோ அடக்கமென்று நினைத்துக் கண்ணைத் தாழ்த்தியபடி நுழைகிறோம். அது அவர்களுக்குத் திமிராகப் படுகிறது. வெள்ளைக்காரர்கள் வாய் திறக்காமல் உள்ளே வந்தபோதும் என்னோடு வேலை செய்த பிரெஞ்சுப் பெண்கள் அதே கடுகடுத்த முகத்தைத்தான் காட்டினார்கள். ஆகவே முகத்தைப் பார்த்து, கேட்கும்படியான குரலில் "பொன்ஜூர்" சொல்லுங்கள். பதில் வரும்வரை ஒரு கணம் நில்லுங்கள். உதவ வந்தால், சும்மா பார்ப்பதாக இருந்தால், "ஜ ரெகார்த், மெர்சி" என்றால் போதும். ஒன்றுமே வாங்காவிட்டாலும் வெளியேறும்போது "ஓ ரெவுவார்" சொல்லிவிட்டு வாருங்கள். பாண் கடையிலும் மருந்துக் கடையிலும் இதே முறைதான். பஸ்ஸில் ஏறும்போது ஓட்டுநருக்கும் சொல்லுங்கள்.

ஆனால் பொன்ஜூர் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று இங்கே பழையவர்கள் பலர் புத்தி சொல்வார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. சொல்லியும் முகம் கொடுக்காத கடைகள் இருக்கின்றன. அதற்குக் காரணம் பெரும்பாலும் கணக்கு.

நான் வேலை செய்த கடையில் காலையில் கதவு திறக்கும் முன் முகாமையாளர் எங்களை வட்டமாக நிற்க வைத்து அன்றைய இலக்கைச் சொல்வார். வாசலில் ஒரு சிறு கருவி உள்ளே வருபவர்களை எண்ணிக்கொண்டே இருக்கும். எத்தனை பேர் வந்தார்கள், அவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள், ஒருவர் சராசரியாக எவ்வளவுக்கு வாங்கினார் என்ற விவரமெல்லாம் மாலையில் திரையில் வந்து நிற்கும். மாதக் கடைசியில் கிடைக்கும் மேலதிகப் பணம் அதைப் பொறுத்தது. சனிக்கிழமை பின்னேரம், காலையிலிருந்து நின்று கால் வலிக்கும் நேரத்தில், நாலு பேர் ஒன்றாகக் கூப்பிட்டால் யாரிடம் போவது? கண் முடிவெடுத்துவிடும். அந்தக் கண் சட்டையைப் பார்க்கும் முன் சப்பாத்தைப் பார்க்கும். அடுத்து, கையில் வேறு கடைப் பை இருக்கிறதா என்று பார்க்கும். ஏற்கெனவே வாங்கியவர் இன்னும் வாங்குவார் என்பது விற்பனையாளர்களின் நம்பிக்கை. நேராக ஓர் அடுக்கை நோக்கிப் போகிறாரா, சுற்றிச் சுற்றி வருகிறாரா என்றும் பார்க்கும். சுற்றுலாப் பயணியென்றால் தனிக் கவனம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால் வரியில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம் என்பதால், அந்தத் தொகையைத் தாண்ட வைப்பதற்காகவே இன்னொரு சட்டையை எடுத்துக் காட்டுவார்கள். இந்தக் கணக்கில் தேய்ந்த அங்கியோடு வரும் பிரெஞ்சுப் பாட்டிக்கும் உங்களுக்கு நேர்ந்த கதிதான் நேரும். இதை நியாயமென்று நான் சொல்லவில்லை. அந்தப் பாட்டி நின்று பார்த்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போவதைக் காண எனக்குப் பொறுக்காது. ஆனால் அது உங்களைக் குறிவைத்த வெறுப்பு இல்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு காலத்தில் இதைவிட மோசமாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசின் பழைய கடைகளில் நுழைந்தவர் வாங்காமல் திரும்புவது முறைகேடு. விலையை வாயால் சொல்வார்கள், அதுவும் ஆளைப் பார்த்துச் சொல்வார்கள். 1852இல் ல பொன் மார்ஷே கடையில் பங்காளியாகச் சேர்ந்த அரிஸ்தீத் பூசிகோ அதை மாற்றினார். விரும்பியவர் எவரும் உள்ளே வந்து சுற்றிப் பார்க்கலாம், சீட்டில் எழுதிய ஒரே விலைதான் எல்லோருக்கும், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்ற வழக்கங்களைப் பெரிய அளவில் நிலைநிறுத்தியவர் அவர். சில கடைகளில் விலைச்சீட்டு அதற்கு முன்பே இருந்தது. அதை நகரத்தின் பழக்கமாக்கியதில்தான் அவருக்குப் பெயர். இன்று விலையைக் கண்ணில் படும்படி வைப்பது சட்டப்படி கட்டாயம். உங்கள் உடுப்பைப் பார்த்து விற்பனைப் பெண்ணின் முகம் மாறலாம், சீட்டிலுள்ள விலை மாறாது. உள்ளே போய்ப் பார்க்க நீங்கள் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதுமில்லை.

அவென்யூ மோந்தேய்ன், பிளாஸ் வான்தோம் போன்ற இடங்களில் உள்ள ஆடம்பரக் கடைகளின் கதை வேறு. அங்கே எந்த உடுப்போடு போனால் மதிப்பார்கள் என்று கணித்துச் சொல்ல ஒருவராலும் முடியாது. 2013இல் சூரிச்சில் ஒரு கடையில் கைப்பையொன்றைக் காட்டச் சொன்னபோது, அது விலை கூடியதென்று சொல்லிக் காட்ட மறுத்தார்கள் என்று அமெரிக்கக் கறுப்பினத் தொலைக்காட்சிப் பிரபலம் ஓப்ரா வின்ஃப்ரி தொலைக்காட்சியில் சொன்னார். விற்பனையாளர் அதை மறுத்தார். சுவிஸ் சுற்றுலா அமைப்பு மன்னிப்புக் கேட்டது. உலகத்தின் பெரும் பணக்காரப் பெண்களில் ஒருவருக்கே அந்த நிலை. அடுத்த ஆண்டு ஹார்வர்ட் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையொன்றில் மிலான் நகர ஆடம்பரக் கடைப் பணியாளர்களிடம் கேட்டறிந்ததை எழுதியிருந்தார்கள். மென்மயிர் அங்கியோடு வரும் பெண்ணைவிட, உடற்பயிற்சி உடுப்போடு வரும் பெண்ணையே அவர்கள் அதிக வசதியானவராக மதிப்பிட்டார்களாம். இந்தக் கண்ணுக்குப் பிடிக்கும்படி உடுத்த நீங்கள் எத்தனை சம்பளத்தைக் கொட்டுவீர்கள்?

நம்முடைய ஆட்களின் கடைகளைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பெண், விடியுமுன் எழுந்து அலுவலகங்கள் துப்புரவாக்குபவர், மகளின் சாமத்தியச் சடங்குக்குப் பட்டுச் சேலை எடுக்க வேலை முடிந்த கையோடு ஒரு கடைக்குப் போனார். வேலைச் சப்பாத்து, இழுத்துக் கட்டிய முடி, கையில் துப்புரவு மருந்தின் வாசம். கடைக்காரர் கதிரையை விட்டு எழும்பாமலே "மலிவுச் சேலை அந்த மூலையில் இருக்கிறது" என்றார். ஞாயிற்றுக்கிழமை அதே பெண் கணவரோடு, தாலிக்கொடி வெளியே தெரிய, அதே கடைக்குப் போனார். கதிரை வந்தது, தேநீர் வந்தது, மேல் தட்டிலிருந்த காஞ்சிபுரம் எல்லாம் மேசைக்கு இறங்கின. "காசு அன்றைக்கும் கைப்பையில் இருந்தது அக்கா" என்று என்னிடம் சொன்னார். ஆள் பாதி ஆடை பாதி என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம். பிரெஞ்சுக்காரி முகம் திருப்பியதைவிட இது எனக்கு அதிகம் வலித்தது. துப்புரவு வேலையும் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலையும் செய்துதான் இங்கே நம்மவர் வேரூன்றினார்கள். அந்த வேலை உடுப்பைப் பார்த்து மூலையைக் காட்ட நமக்கு எப்படி மனம் வருகிறது?

இனி அந்தக் காவலாளி. தோல் நிறத்தின் பேச்சு இங்கேதான் வருகிறது. எங்கள் கடைக் காவலாளி மாலி நாட்டைச் சேர்ந்தவர், நல்ல மனிதர். விடுமுறை நாளில் வேறு கடைக்குப் போனால் அங்குள்ள காவலாளி தன்னையே பின்தொடர்வதாகச் சொல்லுவார். ஆளைக் கண்ணால் கவனிப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அவருடைய அதிகாரத்துக்கு எல்லை இருக்கிறது, அதை நீங்கள் தெரிந்து வைத்திருங்கள். பையைத் திறந்து காட்டும்படி கேட்கலாம். திறப்பவர் நீங்கள், அவர் கண்ணால் மட்டும் பார்க்கலாம். உங்கள் சம்மதமில்லாமல் பைக்குள் கைவிடவோ உடலைத் தடவிச் சோதிக்கவோ கூடாது. நீங்கள் மறுத்தால் உள்ளே விடாமல் இருக்கலாம். களவு நடந்ததாக நினைத்தால் போலீசை அழைக்கலாம். கட்டாயப்படுத்திச் சோதிக்கும் அதிகாரம் போலீசுக்குத்தான். குரலை உயர்த்தாமல் "போலீசைக் கூப்பிடுங்கள், அவர்கள் முன்னால் திறக்கிறேன்" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

கடுத்த முகம் குற்றமில்லை. விற்க மறுப்பதும், உள்ளே விட மறுப்பதும், மற்றவர்களுக்குப் போடாத நிபந்தனையை உங்களுக்குப் போடுவதும் பூர்வீகம் அல்லது தோற்றம் காரணமாக நடந்தால் அது குற்றம். பிரெஞ்சுக் குற்றவியல் சட்டத்தின் 225-1, 225-2 பிரிவுகள் அதைத்தான் சொல்கின்றன. பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களின் பட்டியலில் 2016இலிருந்து ஒருவரின் பொருளாதார நலிவும் சேர்ந்திருக்கிறது. கடையைப் போலப் பொதுமக்கள் வந்துபோகும் இடத்தில் மறுத்தால் 5 ஆண்டு வரை சிறையும் 75,000 யூரோ வரை தண்டமும் விதிக்கலாம். அப்படி நடந்தால் முகாமையாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். நாள், நேரம், யார் என்ன சொன்னார் என்பதை அன்றிரவே எழுதி வையுங்கள். பக்கத்தில் நின்றவர் சாட்சி சொல்லச் சம்மதித்தால் தொலைபேசி எண்ணை வாங்குங்கள். பிறகு மக்களின் உரிமைகளைக் காக்கும் அரச அமைப்பான உரிமைக் காப்பாளர் (Défenseur des droits) அலுவலகத்தின் 39 28 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். பாகுபாடு பற்றிய முறைப்பாட்டுக்கென்றே 2021இல் தொடங்கிய சேவை அது, அங்கே முறையிடக் காசு இல்லை. நீங்கள் கேட்டபோது இல்லையென்ற பொருளை வெள்ளைக்கார நண்பர் கேட்டபோது எடுத்துக் கொடுத்தார்களானால் அதையும் சான்றாகக் காட்டலாம். 2006இலிருந்து சட்டம் அதை ஏற்றுக்கொள்கிறது. சேலை, சல்வார், பொட்டு, முகத்தை மூடாத தலைத்துணி எதுவும் கடைக்குள் போகத் தடையில்லை. பொது இடத்தில் முகத்தை முழுவதும் மூடுவதைத்தான் 2010ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது.

கடைசியாக அந்தக் கைப்பை. மோர்கன் வார்டு, டேரன் டால் என்ற இரு ஆய்வாளர்கள் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆடம்பரக் கடையில் விற்பனையாளர் உதாசீனம் செய்தால், அந்தப் பொருளுக்கு ஏற்கெனவே ஆசைப்பட்டவருக்கு ஆசை குறைவதில்லை, கூடுகிறது என்று கண்டார்கள். சாதாரணக் கடைகளில் அப்படி நடக்கவில்லை. சில வாரங்கள் கழித்துப் பார்த்தபோது அந்த ஆசை வடிந்துபோயிருந்ததாம். நம் பாஷையில் சொன்னால் அது ரோசம். "எனக்கு வாங்க முடியாதென்று நினைத்தாளா?" என்ற கேள்விக்குக் காசால் பதில் சொல்லப் போனால், உங்களை அலட்சியம் செய்தவளின் அன்றைய இலக்கைத்தான் நிரப்பிக் கொடுக்கிறீர்கள். ரோசம் வந்தால் வெளியே வாருங்கள். சில வாரம் போகட்டும். அப்போதும் அந்தப் பை பிடித்திருந்தால், வாடகையும் ஊருக்கு அனுப்புவதும் போக மிச்சமிருந்தால், தாராளமாக வாங்குங்கள்.

இப்போது செலவழிக்கத்தான் வேண்டுமென்றால் குளிருக்குச் செலவழியுங்கள். கணவருடைய அங்கி உங்களுக்குப் பெரிது, கழுத்தாலும் கையாலும் காற்று நுழையும். உங்கள் அளவுக்கு ஓர் அங்கியும் தண்ணீர் புகாத சப்பாத்தும் ஜனவரி மலிவு விற்பனையில் வாங்கலாம். அது நான்கு வாரம் நடக்கும். தொடக்கத்தில் அளவு கிடைக்கும், கடைசியில் விலை இறங்கும். வாங்குமுன் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் கடையில் வாங்கிய நல்ல பொருளை மாற்றிக் கொடுக்கும்படி இங்கே சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, அது அந்தந்தக் கடையின் விருப்பம். பழுதென்றால் வேறு, புதுப் பொருளுக்கு இரண்டு ஆண்டு உத்தரவாதம் உண்டு. 2023 ஆகஸ்ட் முதல் பற்றுச்சீட்டைக் கடைகள் தாமாக அச்சிட்டுத் தருவதில்லை, கேட்டால்தான் தருவார்கள். கட்டாயம் கேட்டு வாங்குங்கள். மாற்றப் போகும்போதும் அது வேண்டும், வாசலில் மணி அடித்துக் காவலாளி நிறுத்தினாலும் அதைத்தான் காட்ட வேண்டும்.