ஷேக்கர் கிச்சன்: நிறத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் கதவு

லண்டன் ஹாரோவில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "எங்களுடையது 1930களில் கட்டிய செமி வீடு (ஒரு பக்கம் பக்கத்து வீட்டோடு ஒட்டியது). கிச்சன் வடக்குப் பக்கம், சின்னதுதான். ஷேக்கர் ஸ்டைலில் வெள்ளைக் கதவு, ஓக் மர வொர்க்டாப் (சமையல் மேடைப் பலகை), பெல்ஃபாஸ்ட் சிங்க் (ஆழமான பீங்கான் தொட்டி) போட ஆசை. வினைல் ஒட்டிய எம்டிஎஃப் (மர நாரை அழுத்திச் செய்த பலகை) கதவு, ஃபேக்டரியில் பெயின்ட் அடித்த கதவு, இன்ஃப்ரேம் கதவு என்று மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது. தினமும் தாளிப்போம், வாரக் கடைசியில் மீன் பொரிப்போம். நம்ம சமையலுக்கு எது தாங்கும்? வெள்ளையில் மஞ்சள் கறை பட்டால் போகுமா?"

நடுவில் இருக்கும் கொட்டேஷனை, அதாவது ஃபேக்டரியில் பெயின்ட் அடித்த கதவை, எடுங்கள். ஓக் வொர்க்டாப்பை, முக்கியமாக சிங்க் பக்கம், விட்டுவிடுங்கள். வெள்ளை போடலாம், ஆனால் பளிச்சென்ற வெள்ளை வேண்டாம். இது எல்லாவற்றுக்கும் முன்னால், அடுப்புப் புகை வீட்டுக்கு வெளியே போவதற்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் எவ்வளவு விலை கொடுத்துக் கதவு வாங்கினாலும் இரண்டு வருடத்தில் பிசுபிசுப்புதான் மிஞ்சும்.

ஷேக்கர்கள் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். மான்செஸ்டரைச் சேர்ந்த ஆன் லீ என்ற பெண்மணி 1774ல் சிறு கூட்டத்துடன் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். பின்னால் நியூயார்க், மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் பக்கமெல்லாம் அவர்களுடைய குடியிருப்புகள் உருவாயின. திருமணம் செய்யாமல், சொத்தைப் பொதுவில் வைத்துக் கூட்டாக வாழ்ந்தவர்கள். வேலைக்கு உதவாத அலங்காரம் எதையும் மரத்தில் செதுக்க மாட்டார்கள். சுவரோடு சேர்த்துக் கட்டிய அலமாரி, இழுப்பறை, சுவரைச் சுற்றி மர முளைகள் அடித்த பட்டை என்று எல்லாமே பொருளை ஒழுங்காக எடுத்து வைப்பதற்காகச் செய்தவை. இன்று கடையில் ஷேக்கர் என்று விற்பதில் அந்தக் கதவின் அமைப்பு மட்டும்தான் மிச்சம்: நிற்கும் சட்டம் இரண்டு, படுக்கும் சட்டம் இரண்டு, நடுவில் தட்டையான பலகை ஒன்று. அந்தப் பலகையைப் பசை போட்டு ஒட்டாமல் சட்டத்தில் இருக்கும் காடிக்குள் சும்மா செருகி விடுவார்கள், ஏனென்றால் மரம் ஈரத்தில் உப்பும், குளிரில் வீடு காய்ந்தால் சுருங்கும், அதற்கு இடம் கொடுக்காவிட்டால் பலகை வெடித்துவிடும். இன்னொன்று, ஷேக்கர் என்றாலே வெள்ளை அல்லது சாம்பல் என்று நினைக்க வேண்டியதில்லை. அவர்களுடைய வழிபாட்டுக் கூடங்களுக்குள் மரவேலை நீல நிறத்தில் இருந்தது, வீடுகளில் காவிச் சிவப்பும் மஞ்சளும் தாராளமாகப் புழங்கின.

இப்போது கதவுக்கு வருவோம். மூன்று கொட்டேஷனிலும் படத்தில் ஒரே மாதிரிதான் தெரியும், தயாரிப்பில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. வினைல் கதவு என்பது ஒரே எம்டிஎஃப் பலகையில் மெஷினால் பள்ளம் எடுத்து, அதன்மேல் பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி உறிஞ்சவைத்து ஒட்டியது. விலை குறைவு, துடைப்பது சுலபம். அதன் எதிரி சூடு. ஓவன் கதவைத் திறக்கும்போது பக்கத்துக் கபோர்டில் அடிக்கும் அனல், மேல் கபோர்டுக்கு அடியில் வைத்த கெட்டிலின் ஆவி, இட்லிப் பானையின் ஆவி இவை தினமும் பட்டால் ஓரத்தில் பசை இளகித் தாள் உரிய ஆரம்பிக்கும். உரிந்ததைத் திரும்ப ஒட்டி நேராக்கியவரை நான் பார்த்ததில்லை, கதவையே மாற்றத்தான் வேண்டும். வாடகைக்கு விடும் வீட்டுக்குச் சரி. தினமும் சமைக்கும் வீட்டில், அதுவும் பத்துப் பதினைந்து வருடம் இருக்கப் போகிறவர்களுக்கு, நான் சொல்ல மாட்டேன். வேறு வழியில்லை என்றால் ஓவனுக்கு இரண்டு பக்கமும் வெப்பத் தடுப்புப் பட்டை போடச் சொல்லுங்கள்.

இன்ஃப்ரேம் என்றால் கபோர்டின் முகத்தில் ஒரு மரச்சட்டம் இருக்கும், கதவு அதற்குள்ளே சமமாக உட்காரும். பார்க்க மிக அழகு, பழைய தச்சு வேலைக்குப் பக்கத்தில் வருவதும் இதுதான். ஆனால் அந்தச் சட்டம் ஒவ்வொரு கபோர்டிலும் வாயைக் குறுக்கும், டிராயர்கள் அகலம் குறையும், சின்ன கிச்சனில் அது நன்றாகவே தெரியும். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளிதான், வீட்டில் ஈரம் ஏறினால் கதவு உரசும், கீலைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். அதற்குப் போகும் பணத்தை நீங்கள் வொர்க்டாப்பிலும், புகையை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரிலும் போடலாம்.

ஆக ஃபேக்டரியில் ஸ்ப்ரே செய்த கதவு. இதிலும் சட்டம் மரமா எம்டிஎஃபா என்று கேளுங்கள். ஆஷ் போன்ற மரச்சட்டம் உறுதியானது, ஆனால் குளிர்காலத்தில் ஹீட்டிங் ஓடும்போது மரம் சுருங்கி, சட்டம் சந்திக்கும் மூட்டில் பெயின்டில் மயிரிழை போல ஒரு கோடு விழும். அது பழுது இல்லை, மரத்தின் இயல்பு, ஆனால் வெள்ளையில் கண்ணை உறுத்தும். ஈரம் தாங்கும் எம்டிஎஃபில் செய்த ஐந்து துண்டுக் கதவில் அந்தக் கோடு பெரும்பாலும் வராது. அதன் பலவீனம் வேறிடத்தில்: பெயின்ட் ஒரு மூலையில் பெயர்ந்து தண்ணீர் உள்ளே போனால் ஊறி உப்பிவிடும். சிங்க் கபோர்டின் அடி ஓரத்தையும் டிஷ்வாஷர் கதவின் மேல் ஓரத்தையும்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். டிஷ்வாஷருக்கு மேலே வொர்க்டாப்பின் அடியில் ஆவித் தடுப்புத் தாள் ஒட்டச் சொல்லுங்கள், செலவு ஒன்றும் பெரிதில்லை.

ஷோரூமில் யாரும் காட்டாத ஒரு இடம் இருக்கிறது. கதவின் கீழ்ச்சட்டத்தின் மேல்விளிம்பு, அதாவது பலகை உள்ளே தாழ்ந்திருப்பதால் உண்டாகும் அந்தச் சின்னத் திட்டு. கடுகு வெடிக்கும்போது தெறிக்கும் எண்ணெய், தோசைக்கு மாவு கரைக்கும்போது பறக்கும் தூள், வீட்டுத் தூசி எல்லாம் அங்கேதான் வந்து உட்காரும், இரண்டு வாரத்தில் விரல் வைத்தால் பழுப்பாக ஒட்டும். உள்விளிம்பு தொண்ணூறு டிகிரியில் கூர்மையாக இருந்தால் மூலைக்குள் துணி போகாது, டூத்பிரஷ்தான் எடுக்க வேண்டும். விளிம்பு லேசாகச் சரிவாக இருந்தால் ஒரே இழுப்பில் துடைத்துவிடலாம். அதனால் படத்தை நம்பாமல் ஒரு சாம்பிள் கதவைக் கேட்டு வாங்கி, ஈரத்துணியால் அந்த மூலையை நீங்களே துடைத்துப் பாருங்கள்.

அதே சாம்பிளில் மஞ்சளையும் சோதித்துவிடலாம். அரை ஸ்பூன் மஞ்சள்தூளைச் சூடான எண்ணெயில் குழைத்து ஒரு ஓரத்தில் தடவி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டுத் துடையுங்கள். லேசான மஞ்சள் நிழல் தங்கினால் பயப்பட வேண்டாம், மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் தானாகவே வெளுக்கும், வெயில் படும் ஜன்னலில் வைத்துப் பார்த்தால் தெரியும். உங்கள் கிச்சன் வடக்குப் பக்கம் என்பதால் அங்கே மெதுவாகத்தான் போகும். அழுத்தமாகத் தங்கினால் அந்தப் பூச்சு வேண்டாம். பளபளப்பு அளவில் சாட்டின், அதாவது மிதமான மினுப்பு, கேளுங்கள். மினுப்பே இல்லாத முழு மேட் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் எண்ணெய்க் கை பட்ட இடமும் அடிக்கடி துடைத்த இடமும் திட்டுத் திட்டாக மினுங்கும். சொரசொரப்பான கிரீம் கிளீனரும் வெள்ளை மேஜிக் ஸ்பாஞ்சும் கதவுப் பக்கமே வரக் கூடாது, இரண்டும் பெயின்டைத் தேய்த்துவிடும்.

அளவு விஷயத்தில் ஒரே ஒரு கணக்கு. மேல் டிராயரின் முகம் பொதுவாக 140 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். அதில் மேலும் கீழும் 60 மில்லிமீட்டர் சட்டம் வைத்தால் நடுவில் மிஞ்சுவது 20 மில்லிமீட்டர், அது பலகை இல்லை, அழுக்குச் சேரும் வாய்க்கால். ஆகவே சின்ன டிராயர்களைச் சட்டம் இல்லாத தட்டை முகமாகவே போடச் சொல்லுங்கள், கீழே இருக்கும் ஆழமான டிராயர்களுக்கு மட்டும் சட்டம் போதும். 300 மில்லிமீட்டர் அகலக் கபோர்டிலும் நடுப் பலகை ஒல்லியாகிவிடும், அதனால் ஒல்லியான கபோர்டுகள் நாலைந்து வைப்பதைவிட அகலமான டிராயர் யூனிட் இரண்டு வையுங்கள். பெரிய குக்கரும் இட்லிப் பானையும் அதில்தான் ஒழுங்காக அடங்கும்.

நிறம்: வடக்கு வெளிச்சத்தில் நீலம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அதில் தூய வெள்ளை சாம்பலாகத் தெரியும், குளிர்ந்த சாம்பல் இன்னும் சோகமாக இருக்கும். கொஞ்சம் மஞ்சளோ சிவப்போ கலந்த வெள்ளை, மோர் நிறம் மாதிரி, அங்கே சரியாக உட்காரும். கீழ் கபோர்டுகளுக்கு மட்டும் அழுத்தமான பச்சையோ நீலமோ கொடுத்தாலும் நன்றாக இருக்கும். சின்ன அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பெரிய அட்டையில் அடித்து, கபோர்டு வரும் இடத்தில் நிமிர்த்தி வைத்து, பகலிலும் ராத்திரி லைட் போட்டும் பாருங்கள்.

ஓக் வொர்க்டாப் எனக்கும் பிடிக்கும், ஆனால் அதற்குத் தவறாமல் எண்ணெய் பூச வேண்டும், ஈரம் நிற்க விடக் கூடாது. ஓக்கில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம், தண்ணீரும் இரும்பும் சேர்ந்தால் கறுத்துவிடும், ஈரமான இரும்பு தோசைக்கல்லை ஒரு ராத்திரி மறந்து வைத்தால் போதும், வட்டமாகக் கறுப்பு அச்சு விழும். சிங்க்கைச் சுற்றி அது ஓயாத வேலை. மார்பிள் வேண்டவே வேண்டாம், புளியும் எலுமிச்சையும் அதை அரித்துவிடும். குவார்ட்ஸில் கல்தூளோடு பிசின் கலந்திருப்பதால் அடுப்பிலிருந்து இறக்கிய வாணலியை நேராக வைக்கக் கூடாது, வெளிர் நிறத்தில் மஞ்சளும் பிடிக்கலாம். அதை வெட்டும்போது வரும் சிலிக்கா தூசி தொழிலாளிகளின் நுரையீரலைக் கெடுக்கிறது, ஆஸ்திரேலியா 2024 ஜூலையில் இந்தச் செயற்கைக் கல்லைத் தடையே செய்துவிட்டது. இயற்கைக் கல்லிலும் சிலிக்கா உண்டு, அதனால் எந்தக் கல்லாக இருந்தாலும் உங்கள் வீட்டில் உலர்வாக வெட்ட விடாதீர்கள். உங்கள் சமையலுக்கு என் தேர்வு அழுத்தமான நிற கிரானைட். சூடு தாங்கும், அவ்வப்போது சீலர் (கறை உள்ளே போகாமல் தடுக்கும் பூச்சு) பூசினால் கறையும் ஏறாது. மர ஆசையை ஜன்னலோர ஷெல்ஃபிலோ காலை உணவு மேசையிலோ தீர்த்துக்கொள்ளலாம்.

பெல்ஃபாஸ்ட் சிங்க் போடுங்கள், பெரிய பாத்திரம் கழுவ வசதிதான். கனமான இரும்புச் சட்டி கை நழுவினால் சிங்க்கில் சில்லு பெயரும், அடியில் ஒரு ரப்பர் பாய் வையுங்கள். சாமான் நிறைய புழங்கும் வீடென்றால் ஸ்டீல் சிங்க்கே நிம்மதி.

எக்ஸ்ட்ராக்டர்தான் நான் விட்டுக்கொடுக்காத இடம். இங்கிலாந்தின் கட்டட விதிப்படி ஹாபுக்கு (அடுப்புக்கு) மேலேயே ஹுட் (புகையை இழுக்கும் கூண்டு) இருந்தால் குறைந்தது நொடிக்கு 30 லிட்டர் காற்றை வெளியேற்ற வேண்டும், வேறிடத்தில் ஃபேன் என்றால் 60. தாளிப்புக்கு அந்தக் குறைந்த அளவு போதாது. கரி ஃபில்டர் வழியாக அதே காற்றை வீட்டுக்குள்ளேயே திருப்பி விடும் வகையை வாங்காதீர்கள். அது வாசனையைக் கொஞ்சம் குறைக்கும், ஆவியை அப்படியே விட்டுவிடும். அடுப்பை வெளிச்சுவரில் வைத்து, 150 மில்லிமீட்டர் குழாயை முடிந்தவரை வளைவில்லாமல் வெளியே விடுங்கள், நடுவில் 100க்குக் குறுக்கினால் இரைச்சல் கூடும், இழுவை குறையும். பிளானில் அடுப்பு உள்சுவரில் இருந்தால் இப்போதே மாற்றச் சொல்லுங்கள், கபோர்டு ஆர்டர் போன பிறகு முடியாது.

கைப்பிடியைக் கடைசியாக முடிவு செய்யலாம். கதவுக்கு உருண்டைக் குமிழ், ஷேக்கர்களும் மரத்தில் கடைந்த குமிழ்தான் வைத்தார்கள். டிராயருக்குக் கிண்ண வடிவப் பிடி அழகுதான், ஆனால் அதன் உட்புறம் எண்ணெய் விரல் பட்டுப் பட்டுக் கறுக்கும், அடுப்புப் பக்க டிராயர்களுக்கு நீளக் கம்பிப் பிடியே நல்லது. துளை போட்ட பிறகு இடம் மாற்ற முடியாது, முதலில் டேப்பில் ஒட்டி வைத்துத் திறந்து மூடிப் பாருங்கள்.

கையெழுத்துப் போடும் முன் பெயின்டின் பெயர், நிற எண், பளபளப்பு அளவு மூன்றையும் ஆர்டரில் எழுதி வாங்குங்கள். டச்-அப்புக்கு ஒரு சின்ன டின்னும், அடுப்பை ஒட்டிய கபோர்டின் அளவில் ஒரு கதவு கூடுதலாகவும் சேர்த்தே ஆர்டர் செய்யுங்கள். ஐந்து வருடம் கழித்துக் கேட்டால் அதே நிறம் அச்சு அசலாகக் கிடைக்காது.