பாதியில் நிற்கும் ஹெரால்டை விற்பது எப்படி?

கேள்வி: அப்பாவின் 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு கார். அவர் காலமான பிறகு 2018-ல் அதை முழுசாகப் பிரித்து ரெஸ்டோர் செய்ய ஆரம்பித்தேன். சேசிஸ் (அடிச்சட்டம்) சாண்ட் பிளாஸ்ட் செய்து, அதாவது மணலைப் பீய்ச்சித் துருவை நீக்கி, பெயிண்ட் ஆகிவிட்டது. என்ஜின் ரீபோர் (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவது) முடிந்து லேத் பட்டறையில் இருக்கிறது. பாடி இரண்டு வருடமாக டிங்கரிங் பட்டறையில் நிற்கிறது. நாலு லட்சத்துக்கு மேல் செலவாகிவிட்டது. இப்போது வீடு மாற்றுகிறோம், புது வீட்டில் ஷெட் கிடையாது. மனசே இல்லாமல்தான் விற்கிறேன். உதிரியாக விற்றால் கூடுதலாகக் கிடைக்கும் என்கிறார்கள். ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. என்ன செய்யட்டும்? (திருச்சி வாசகர்)

பதில்: முழு வண்டியாகவே விற்றுவிடுங்கள், உதிரியாக வேண்டாம். உதிரியாக விற்றால் என்ஜின், கியர்பாக்ஸ், கண்ணாடி, மீட்டர் எல்லாம் ஒரே வாரத்தில் போய்விடும், கையில் பணமும் வரும். அப்புறம் பாடியும் சேசிஸும் மிஞ்சும். அதை யாரும் தொட மாட்டார்கள், கடைசியில் காயலான் கடைக்கு எடை போடத்தான் போகும். 1961-லிருந்து வண்டலூர் பக்கம் நம் ஊர் ஆட்கள் கையால் கட்டிய வண்டி இது. முழுசாக இருக்கிற ஒன்றை உடைத்துப் போடுவது எனக்குப் பொறுக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. உதிரியாக விற்கிறீர்கள் என்று தெரிந்ததும் "ஆர்.சி.யும் சேசிஸ் நம்பர் துண்டும் மட்டும் கொடுங்க" என்று ஒருவர் வருவார், நல்ல விலையும் சொல்வார். பேப்பர் இல்லாத வேறொரு வண்டிக்கு உங்கள் அப்பா வண்டியின் நம்பரை ஒட்டவைக்கத்தான் அது. அது குற்றம், நாளைக்குப் போலீஸ் தேடி வந்தால் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். அப்படிப் பேசுகிறவரிடம் மேற்கொண்டு எதுவும் பேசாதீர்கள்.

சரி, முழுசாக விற்பதென்றால் இப்படியே விளம்பரம் போட்டுவிடலாமா? கூடாது. இப்போது உங்கள் வண்டி குறைந்தது மூன்று இடங்களில் கிடக்கிறது. குரோம் பிளேட்டிங் கடையில் பம்பர், குஷன் கடையில் சீட் ஃபிரேம் என்று மறந்துபோனவையும் இருக்கும். முதலில் எல்லாவற்றையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவாருங்கள். டிங்கருக்குப் பாக்கி இருந்தால் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள். வாங்க வருகிறவர் பட்டறையில் போய்ப் பார்த்தால், உங்களுக்கும் டிங்கருக்கும் உள்ள பாக்கியையும் சேர்த்துத்தான் விலை பேசுவார்.

அடுத்த வேலைதான் விலையை நிர்ணயிக்கும். ஹெரால்டு மற்ற வண்டிகள் மாதிரி இல்லை. தனி சேசிஸ் மேல் பாடி போல்ட்டில் உட்காருகிறது. பாடியே முன்பகுதி, பின்பகுதி என்று தனித்தனியாகக் கழலும். பானெட்டும் முன் மட்கார்டும் ஒரே துண்டாக முன்னால் சாயும். பிரிக்க சுலபம் என்பதால்தான் பலரும் ஆசையாகப் பிரித்துவிடுகிறார்கள். திரும்பப் பூட்டும்போதுதான் சிக்கல். பாடிக்கும் சேசிஸுக்கும் நடுவே, ஒவ்வொரு போல்ட் இடத்திலும், கம்பெனிக்காரன் கணக்குப் பார்த்து வைத்த பேக்கிங் துண்டுகள் இருக்கும். பார்க்க ஒன்றுக்கும் உதவாத தகடு மாதிரி இருக்கும். அது ஒன்று தொலைந்தாலும், இடம் மாறினாலும், கதவுக்கும் தூணுக்கும் நடுவே உள்ள இடைவெளி மேலே விரல் நுழையும் அளவும் கீழே நகம்கூட நுழையாத அளவுமாக நிற்கும். அந்தத் துண்டுகள் எங்கே இருக்கின்றன என்று இன்றைக்கே டிங்கரிடம் கேளுங்கள்.

அவை கிடைத்தால், சேசிஸில் நாலு சக்கரத்தையும் மாட்டி, பாடியை அதன் மேல் இறக்கி, போல்ட்டைக் கையிறுக்கமாகப் பூட்டி, இரண்டு கதவையும் பானெட்டையும் தொங்கவிடுங்கள். பெயிண்ட் வேண்டாம், வயரிங் வேண்டாம். சக்கரத்தில் உருண்டு, கார் உருவத்தில் நிற்கிற வண்டிக்கும், சுவரோரம் சாய்த்து வைத்த தகரங்களுக்கும் வாங்குகிறவர் மனதில் பெரிய வித்தியாசம். லாரியில் ஏற்றவும் அதுதான் சுலபம்.

ரீபோர் ஆன என்ஜினைப் பற்றி ஒரு எச்சரிக்கை. புதிதாகக் கடைந்த சிலிண்டர் சுவர் காற்றுப்பட்டால் சீக்கிரம் துருப்பிடிக்கும். லேத் பட்டறையில் சும்மா கிடந்தால் நீங்கள் கொடுத்த காசு வீண். நாலு சிலிண்டரிலும் என்ஜின் ஆயில் தாராளமாகத் தடவி, பாலிதீன் உறையில் கட்டி வையுங்கள். எத்தனை ஓவர்சைஸ் (அசல் அளவைவிட எவ்வளவு பெரிதாக) அடித்திருக்கிறார்கள், பிஸ்டன் வாங்கியாச்சா என்பதற்குப் பில் இருந்தால் அதே உறையில் போடுங்கள்.

சில்லறைச் சாமான்களுக்குப் பழைய பிளாஸ்டிக் டப்பாக்கள் போதும். கதவு, பானெட், டேஷ்போர்டு, பிரேக், ஸ்டீயரிங் என்று பகுதிவாரியாகப் பிரித்து, மேலே எழுதி ஒட்டுங்கள். நான் ஒருமுறை ஒரு பழைய ஃபியட் 1100-ஐப் பாதியில் வாங்கினேன். பதினோரு சாக்கு மூட்டை. போல்ட்டும் வாஷரும் கிளிப்பும் ஒன்றாகக் கலந்திருந்தன. எது எங்கே போகும் என்று பிரித்தெடுக்கவே இரண்டு மாதம் ஆனது. அதில் வேறு வண்டியின் வைப்பர் மோட்டார் ஒன்றும் கிடந்தது. விற்றவர் பிரித்த கையோடு ஒரு நாள் செலவழித்திருந்தால் நான் இன்னும் நல்ல விலை கொடுத்திருப்பேன்.

செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். "பார்க்க நன்றாக இருக்கும்" என்று பட்டி (பள்ளத்தை நிரப்பும் பூச்சு) போட்டு பிரைமர் அடிக்காதீர்கள். விவரம் தெரிந்தவர் பாக்கெட்டில் துணி சுற்றிய காந்தம் ஒன்றோடுதான் வருவார். கதவுக்குக் கீழே உள்ள பகுதியிலும் தரையிலும் அதை ஓட்டிப் பார்ப்பார். பட்டி கனமாக உள்ள இடத்தில் காந்தம் பிடிக்காது. அந்த நொடியில் நீங்கள் சொன்ன நல்ல வேலைகள் மீதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். இந்த வண்டியில் சேசிஸின் பக்கவாட்டுக் கைகள்தான் முதலில் அரிக்கும். உங்கள் சேசிஸ் பிளாஸ்ட் ஆனது என்பதால் அப்போது எடுத்த போட்டோக்கள், வெல்டிங் செய்த இடங்களின் போட்டோக்கள் இருக்கின்றனவா என்று போனில் தேடுங்கள். பெயிண்ட் அடித்த சேசிஸுக்கு அடியில் என்ன இருந்தது என்பதற்கு அவைதான் சாட்சி.

இப்போது ஆர்.சி. அப்பா இறந்துவிட்டதால் முதலில் அது வாரிசு பெயருக்கு வர வேண்டும். அதற்குப் படிவம் 31, இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அம்மாவோ உடன்பிறந்தவர்களோ இருந்தால் அவர்களின் சம்மதக் கடிதம். அப்பா போனதிலிருந்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும், தாமதத்துக்குக் கட்டணம் கேட்பார்கள். பதிவு காலாவதியாகியிருந்தால் புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும், பிரித்த வண்டியை எப்படிக் காட்டுவது? அதனால் எது முதலில், எது பிறகு என்பதை உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள். பழைய ஆர்.சி. புத்தகத்தின் விவரம் கணினியில் ஏறியிருக்கிறதா என்பதையும் அங்கேயே பாருங்கள். சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்து, புத்தகத்தில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள்.

விற்கும்போது உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். விற்ற 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிப்பது விற்றவரின் கடமை, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 50 அப்படித்தான் சொல்கிறது. ஸ்பீட் போஸ்ட்டில் பதிவு செய்து அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். "ஓடாத வண்டிதானே" என்று விட்டுவிடக் கூடாது. நாலு வருடம் கழித்து அவர் முடித்து ஓட்டுவார், விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் நவீன் குமார் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. ஒப்பந்தத்தில் சேசிஸ் நம்பர், என்ஜின் நம்பர், "பிரித்த நிலையில், ஓடாத வண்டி" என்ற வார்த்தை, தேதி, நேரம், இருவரின் அடையாள அட்டை நகல் எல்லாம் இருக்கட்டும்.

பேரத்துக்கு உதவும் இன்னொரு விஷயம்: 2021-ல் வந்த மத்திய விதிப்படி, 50 வயதைக் கடந்து, சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்யாமல் பழைய வடிவத்தில் இருக்கும் வண்டியை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரை வைத்துக்கொள்ளலாம். உங்கள் வண்டி அசல் 948 சிசி என்ஜினோடு இருப்பது இதனால்தான் முக்கியம். விளம்பரத்தில் முதல் வரியிலேயே போடுங்கள்.

விலைக்கு வருவோம். நாலு லட்சம் போட்டேன், நாலு லட்சமாவது வேண்டும் என்று தொடங்கினால் வண்டி விற்காது. வாங்குகிறவர் கணக்கு வேறு. உதாரணத்துக்கு மட்டும் சொல்கிறேன்: முடிந்த ஹெரால்டு ஆறு லட்சம் போகும் என்று அவர் நினைக்கிறார், மீதி வேலைக்கு மூன்றரை லட்சம் ஆகும் என்று எண்ணுகிறார், கண்ணுக்குத் தெரியாத செலவுக்கு ஒரு லட்சம் ஒதுக்குகிறார். அவர் கையிலிருந்து வருவது ஒன்றரை லட்சம். மனசு வலிக்கும், எனக்குத் தெரியும். நீங்கள் கூட்ட முடிந்த ஒரே இடம் அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஒரு லட்சம்தான். போட்டோ, பில், டப்பா, சரியான பேப்பர் ஒவ்வொன்றும் அதைக் குறைக்கும். என்னென்ன இல்லை என்பதையும் விளம்பரத்தில் நீங்களே எழுதிவிடுங்கள். இது இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம் என்பதால், மெக்கானிக்கல் சாமான் பெரும்பாலும் அங்கே இன்னும் கிடைக்கிறது. 'ஸ்டாண்டர்டு' எழுத்து, நம் நாட்டு வண்டிக்கே உரிய டிரிம் (அலங்காரப் பட்டைகள்) போன்றவைதான் அரிது. அவை உங்களிடம் இருந்தால் தனியாகப் படம் எடுத்துப் போடுங்கள்.

எங்கே விற்பது? பொதுவான பழைய கார் தளங்களில் வேடிக்கை பார்க்கிறவர்கள்தான் அதிகம் போன் செய்வார்கள். சென்னையில் மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப் மாதிரி அமைப்புகளின் உறுப்பினர்கள், ஹெரால்டு வைத்திருப்பவர்கள், பழைய வண்டி மெக்கானிக்குகள், இந்த மூன்று வட்டத்திலும் சொல்லிவையுங்கள். டோக்கன் அட்வான்ஸ் வாங்கினால், எந்தத் தேதிக்குள் வண்டியை எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்பதை ரசீதிலேயே எழுதுங்கள். வீடு மாறும் தேதி நெருங்க நெருங்க நீங்கள் விலையில் இறங்குவீர்கள். அதனால் அந்தத் தேதியை யாரிடமும் சொல்லாதீர்கள்.

அப்பாவும் அந்த வண்டியும் சேர்ந்து இருக்கிற போட்டோ ஒன்று இருந்தால் பிரதி எடுத்து ஆர்.சி.யோடு சேர்த்துக் கொடுங்கள். அசல் உங்களிடமே இருக்கட்டும்.