மண்மேட்டில் மழை: கேள்வியும் பதிலும்

ஐப்பசி மழைக்கு முன்னால், சுரங்க மண்மேடுகளில் இருந்து வடியும் தண்ணீர் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். திறந்தவெளிச் சுரங்கங்களில் மழைநீர் வடிகால் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வந்தவற்றில் சில இங்கே.

குறிஞ்சிப்பாடி பக்கத்து விவசாயி: அய்யா, மழை பெய்தால் எங்க ஓடையில சேறாத்தான் தண்ணி வருது. அது நெய்வேலி மேட்டு மண்தானா?

பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. உங்கள் பக்கத்து வயல் மண்ணும் மழையில் கரைந்து வரும். நெய்வேலியில் ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஐந்து கனமீட்டருக்கு மேல் மணலும் களிமண்ணும் தோண்டிக் கொட்ட வேண்டியிருக்கிறது. அப்படிப் புதிதாகக் கொட்டிய மண் எளிதாகக் கரையும், சந்தேகமில்லை. மழை விட்ட அதே மணிநேரத்தில் ஓடை மேட்டைத் தொடுமுன் ஒரு பாட்டில், தாண்டிய பின் ஒரு பாட்டில் தண்ணீர் பிடியுங்கள். மறுநாள் அடியில் படிந்த மண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். புகார் கொடுக்கும்போது தேதி, நேரத்தோடு இரண்டு பாட்டிலையும் காட்டினால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

கல்குவாரி மேஸ்திரி: சேறு படியக் குட்டை வெட்டியும் தண்ணி தெளியல சார். இன்னும் ஆழமா வெட்டலாமா?

ஜேசிபியை நிறுத்துங்கள் முதலில்! ஆழம் வண்டல் தேங்க இடம் கொடுக்கும், அவ்வளவுதான். தெளிய வைப்பது குட்டையின் பரப்பு. அசையாத தண்ணீரில் 0.1 மில்லிமீட்டர் மணல் ஒரு மீட்டர் இறங்க 2 நிமிடம் போதும். 0.01 மில்லிமீட்டர் வண்டலுக்கு 3 மணி நேரம். அதிலும் பத்தில் ஒரு பங்கான களிமண் துகளுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அதுவரை எந்தக் குட்டை தண்ணீரைப் பிடித்து வைக்கும்? நீளவாக்கில் வெட்டி, நுழைவாயை ஒரு கோடியிலும் வழிவாயை மறுகோடியிலும் வையுங்கள். நான் பார்த்த ஓரிடத்தில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். வந்த சேறு குட்டையைச் சுற்றிக்கூடப் பார்க்காமல் வெளியே போனது.

மிஞ்சும் களிமண்ணைப் படிய வைக்கப் படிகாரம் உண்டு. நம் பாட்டிகள் குடத்தில் தேத்தாங்கொட்டை உரசியதும் இதே வேலைக்குத்தான். ஆனால் படிகாரம் அளவு மீறினால் தண்ணீர் புளிப்பேறும். ஒரு வாளியில் சோதித்துவிட்டுப் போடுங்கள்.

டிப்ளமோ மாணவர்: மேட்டைச் சுற்றி வெட்டுற வாய்க்கால் எவ்வளவு பெரிசா இருக்கணும் சார்?

தம்பி, சூத்திரம் எளிது: மழையில் மண்ணுக்குள் இறங்காமல் ஓடும் பங்கு × மழை வேகம் × பரப்பு ÷ 360. ஒரு ஹெக்டேர், மணிக்கு 100 மில்லிமீட்டர் மழை, பாதி ஓடுகிறது என்று வைத்தால் நொடிக்கு 0.139 கனமீட்டர், அதாவது 139 லிட்டர். பத்து ஹெக்டேர் மேட்டுக்கு நொடிக்கு 1,390 லிட்டர். அதோடு விடாதீர்கள். மேட்டைவிட உயரத்திலுள்ள காட்டு நிலத்துத் தண்ணீரும் உள்ளே இறங்கினால் கணக்கு இரட்டிப்பாகலாம். அந்த நல்ல தண்ணீரை மேட்டு மண் தொடாமலே வெளியே திருப்பிவிடுவதுதான் முதல் வேலை. சேறாக்கிவிட்டுப் பிறகு தெளிய வைப்பதைப் போல வீண் செலவு வேறில்லை.

இன்னொருவர்: மேட்டுச் சரிவு கரையாம இருக்க வெட்டிவேர் நட்டா போதுமா?

போதாது. வேர் பிடிக்க ஒரு பருவமாவது வேண்டும். அதுவரை தென்னைநார் வலை விரியுங்கள். சரிவை ஒரே இறக்கமாக விடாமல் படிபடியாக வெட்டி, ஒவ்வொரு படியையும் உட்பக்கம் சாய்த்து வையுங்கள். விளிம்பு தாண்டி வழியும் தண்ணீர்தான் பள்ளம் பறிக்கிறது.

ஆசிரியை ஒருவர்: மேட்டுக்கு அடியிலேயே ஊற்று இருந்தால்?

அங்கே கொட்டவே கூடாது, அம்மா. வேல்ஸில் அபர்ஃபான் என்ற ஊரில் நிலக்கரிக் கழிவு மேட்டை ஊற்றின் மேலேயே எழுப்பினார்கள். தொடர்மழையில் ஊறி, 1966 அக்டோபர் 21 அன்று சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 பேர் இறந்தார்கள். அதில் 116 பேர் குழந்தைகள். வண்டல் வெளியே போவதை எல்லோரும் பார்க்கிறோம். உள்ளே ஏறும் தண்ணீரை யாரும் பார்ப்பதில்லை. அடிவாரத்தில் புதுக் கசிவு தெரிந்தால் அன்றே ஆள் நடமாட்டத்தை நிறுத்துங்கள்.

மேஸ்திரி மறுபடியும்: குட்டையை எப்ப தூர் வாரணும் சார்?

வண்டலுக்கு ஒதுக்கிய இடத்தில் பாதி நிரம்பியதும். ஒரு கம்பை நட்டு, பாதி அளவில் சிவப்புப் பெயிண்ட் அடித்து வையுங்கள். வாரிய சேற்றை மேட்டின் விளிம்பிலேயே கொட்டாதீர்கள். அடுத்த மழைக்கே குட்டைக்குத் திரும்பிவிடும்.