வீட்டுக்காரர் யார், விருந்தாளி யார்?

அன்புள்ள ஐயா,

நீங்கள் ஒரு பேச்சில் பரிந்துரைத்த 'வில் த சர்க்கிள் பி அன்ப்ரோக்கன்' (1972) ஆல்பத்தை இரண்டு ராத்திரி உட்கார்ந்து கேட்டேன். மூன்று எல்.பி. நீளம். உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான். நிட்டி கிரிட்டி டர்ட் பேண்டின் ஆல்பம் என்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் மேபெல் கார்ட்டர், டாக் வாட்சன், ராய் ஏகஃப், ஜிம்மி மார்ட்டின் என்று கண்ட்ரி இசையின் (அமெரிக்க நாட்டுப்புற வழி இசை) பெரியவர்கள்தான் பாடுகிறார்கள். பேண்டைத் தேட வேண்டியிருக்கிறது. நடுநடுவே அரட்டை வேறு. பெரிய பெயர்களைக் கூட்டிவந்து தன் பெயரில் விற்கும் இன்றைய 'ஃபீச்சரிங்' வியாபாரத்தின் பழைய பதிப்புதானே இது? இதற்கு ஏன் இத்தனை கொண்டாட்டம்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

அரட்டையிலிருந்தே தொடங்குகிறேன். முதல் தடவை நானும் அதையெல்லாம் தாண்டித்தான் ஓட்டினேன். இப்போது அந்த ஆல்பத்தில் நான் அதிகம் திரும்பிப் போய்க் கேட்பது அதைத்தான்.

ஓரிடத்தில் டாக் வாட்சனும் மெர்ல் டிராவிஸும் பேசிக்கொள்கிறார்கள். வாட்சன் வட கரோலினா மலைக்காரர், ஒரு வயது நிறையும் முன்பே பார்வை போனவர். டிராவிஸ் கெண்டக்கியின் நிலக்கரிச் சீமையில் பிறந்தவர். கட்டைவிரல் கீழ்சுருதித் தந்திகளில் தாளம் போட்டுக்கொண்டே போக, ஆட்காட்டி விரல் மெட்டை எடுக்கும் அவருடைய கிட்டார் வாசிப்புக்கு இன்றும் 'டிராவிஸ் பிக்கிங்' என்றே பெயர். வாட்சனுக்கு அந்தக் கை மீது அப்படி ஒரு மயக்கம். 1949-இல் மகன் பிறந்தபோது எடி மெர்ல் என்று பெயர் வைத்தார். அந்த மெர்ல் இந்த மெர்ல்தான். ஆனால் இருவரும் ஒருவரையொருவர் சந்தித்ததே இல்லை. 1971 ஆகஸ்டில், இந்த ஆல்பத்தின் பதிவுக்காக, கண்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் உட்லண்ட் ஸ்டுடியோவில்தான் முதல் சந்திப்பு. அவருடைய வாசிப்பில் கொஞ்சம் பையனுக்கு ஒட்டிக்கொள்ளட்டும் என்றுதான் அந்தப் பெயரை வைத்தேன் என்கிறார் வாட்சன். யார் இதைச் சொல்வது பார் என்கிற தொனியில் டிராவிஸ் மடக்குகிறார். இரண்டு மேதைகள் கூச்சப்படும் சத்தம் அது. வேறு எந்தத் தயாரிப்பாளராக இருந்தாலும் டேப்பை வெட்டியிருப்பார். வில்லியம் மெக்யூவன் வெட்டவில்லை.

சரி, பேண்ட் எங்கே? அவர்கள் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் 1966-இல் சேர்ந்த பையன்கள். அப்போதுதான் ஒரு பாட்டு பாப் பட்டியலில் முதல் பத்துக்குள் வந்திருந்தது. அதே பாணியில் இன்னொன்று போட்டிருந்தால் கல்லா நிறைந்திருக்கும். அதை விட்டுவிட்டு, பேண்டில் பாஞ்சோ வாசித்த ஜான் மெக்யூவன், தான் கேட்டு வளர்ந்த பாஞ்சோ மேதை எர்ல் ஸ்க்ரக்ஸிடம் போய், எங்களோடு ரெகார்ட் செய்வீர்களா என்று கேட்டார். ஸ்க்ரக்ஸ் சரி என்றதும் மற்ற கதவுகளும் திறந்தன.

நீங்கள் சொல்லும் 'ஃபீச்சரிங்'கில் விருந்தாளி அடுத்தவர் பாட்டுக்குள் நாலு வரி பாடிவிட்டுப் போவார். பல சமயம் வேறு ஊரில் இருந்துகொண்டு குரலை மட்டும் அனுப்பிவைப்பார். உட்லண்டில் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் வாசித்தார்கள், அது நேராக இரண்டு டிராக் டேப்பில் இறங்கியது. ஒரு குரலை மட்டும் பிற்பாடு பிரித்தெடுத்துச் சீர்செய்ய வழியே இல்லை. பெரியவர்கள் தங்கள் பாட்டை, தங்கள் சுருதியில், தங்கள் வேகத்தில் பாடினார்கள். பையன்கள் இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள். பெயர்தான் அவர்களுடையது. வீடு மேபெல் அம்மாவுடையது. நீங்கள் தேடிய பேண்ட் அங்கேதான் இருக்கிறது, திண்ணையில்.

கொண்டாட்டத்துக்குக் காரணம் கேட்டீர்கள். அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வியட்நாம் போர் நடக்கிறது. தலைமுடியின் நீளத்தை வைத்தே ஒருவர் எந்தக் கட்சி என்று முடிவு கட்டிய நாட்கள். 1968-இல் பேர்ட்ஸ் என்ற கலிபோர்னியா ராக் குழு நாஷ்வில்லின் புகழ்பெற்ற கண்ட்ரி இசை வானொலி நிகழ்ச்சியான கிராண்ட் ஓல் ஓப்ரியின் மேடையில் ஏறியபோது கூட்டம் கேலி செய்தது. ராய் ஏகஃப் அந்த ஓப்ரியின் மூத்த முகம். 1948-இல் குடியரசுக் கட்சி சார்பில் டென்னசி ஆளுநர் பதவிக்கு நின்று தோற்றவர். இந்த முடிவளர்த்த பையன்கள் மீது அவருக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஸ்டுடியோவுக்கு வந்தவர் அதுவரை பதிவானதைப் போட்டுக் காட்டச் சொன்னார். கேட்டார். பிறகு பாடினார். ஒரு பாட்டை எடுத்தால் முதல் தடவையிலேயே மொத்தத்தையும் கொட்டிவிட வேண்டும், திரும்பத் திரும்ப எடுத்தால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போய்விடும் என்று அவர் அவர்களுக்குச் சொல்வதும் டேப்பில் இருக்கிறது. ஆக, அரட்டை!

எல்லோரும் இணங்கவில்லை. பாஞ்சோவும் ஃபிடிலும் வேகமாகப் பின்னும் கண்ட்ரி வகையான புளூகிராஸின் தந்தை என்று அழைக்கப்படும் பில் மன்றோ வர மறுத்துவிட்டார். வேடிக்கை என்னவென்றால் ஸ்க்ரக்ஸ், ஜிம்மி மார்ட்டின், ஃபிடில் (வயலின்) வாசித்த வாசர் கிளெமென்ட்ஸ் மூவருமே ஒரு காலத்தில் மன்றோவின் குழுவில் இருந்தவர்கள். ஆசான் வரவில்லை, பட்டறை வந்துவிட்டது. இன்னொன்று. ஆல்பத்தின் முதல் பாட்டே ஓப்ரியின் புகழ் பாடுவது. அதைப் பாடும் மார்ட்டினை ஓப்ரி கடைசிவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளவில்லை. அது தெரிந்த பிறகு அந்த உற்சாகக் குரலை என்னால் பழையபடி கேட்க முடியவில்லை.

மேபெல் கார்ட்டர் 1927 ஆகஸ்டில், டென்னசி-வர்ஜீனியா எல்லையிலுள்ள பிரிஸ்டலில், முதல் ரெகார்டுக்கு வாசித்தபோது அவருக்கு 18 வயது, கர்ப்பிணி வேறு. 44 வருடம் கழித்து, அதே ஆகஸ்ட் மாதத்தில், 62 வயதில் இந்த அறையில் உட்கார்ந்திருக்கிறார். தலைப்புப் பாட்டின் மெட்டைக் கார்ட்டர் குடும்பம் 1935-இல் பதிவு செய்தது. அம்மாவின் உடலை ஏற்றிய வண்டி வருவதை ஜன்னலில் நின்று பார்க்கும் பிள்ளை, மெதுவாக ஓட்டச் சொல்லிக் கெஞ்சும் பாட்டு. இங்கே மேபெல் ஆரம்பித்துவைக்க, ஒருவர் பின் ஒருவராக எடுத்துக்கொண்டு, கடைசியில் மொத்த அறையும் சேர்ந்து பாடுகிறது. அதில் பேண்ட் பையன்களின் குரல் தனியாகக் கேட்கவில்லை என்பது உங்கள் புகார். எனக்கு அது பிடித்திருக்கிறது.

நீளம் பற்றி நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். வாத்திய இசையாக மட்டும் வரும் சிலவற்றை நானும் தாண்டிவிடுவதுண்டு. வரவேற்பும் ஒரே நாளில் வந்ததல்ல. இரண்டு கிராமி பரிந்துரைகள் வந்தன, விருது வரவில்லை. விற்பனைக்கான பிளாட்டினம் தகுதி 1997-இல்தான் கிடைத்தது. 2005-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம்பெற்றது. பட்டியல்களை விட எனக்குப் பெரிதாகப் படுவது வாசர் கிளெமென்ட்ஸுக்கு நடந்தது. புளூகிராஸ் வட்டத்துக்குள் மட்டும் தெரிந்திருந்த அந்த ஃபிடில்காரர், நாற்பது தாண்டிய வயதில், இந்த ஆல்பத்துக்குப் பிறகுதான் தன் பெயரிலேயே ரெகார்டுகள் போடும் ஆளானார்.

பேஸ் வாசித்த ஜூனியர் ஹஸ்கி ஆல்பம் வெளிவந்ததைப் பார்க்கவே இல்லை. பதிவு முடிந்த அடுத்த மாதமே இறந்துபோனார். 1989-இல் இரண்டாம் பாகம் செய்தபோது அந்த இடத்தில் அவர் மகன் நின்று வாசித்தார். கேலி வாங்கிய பேர்ட்ஸ் குழுவின் ரோஜர் மெக்கின்னும் கிறிஸ் ஹில்மனும் அதில் பாடினார்கள். அந்தப் பாட்டு கண்ட்ரி பட்டியலில் முதல் பத்துக்குள் வந்தது. அந்த வருடம் கண்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் சிறந்த ஆல்பம் விருதும் அந்தப் பாகத்துக்குத்தான்.

மறுபடி கேட்பதாக இருந்தால் மூன்றாவது ரெகார்டின் கடைசியிலிருந்து தொடங்குங்கள். கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு எர்ல் ஸ்க்ரக்ஸின் மகன் ராண்டி தனியாகக் கிட்டார் வாசிக்கிறான், 18 வயது. எடுத்துக்கொண்டது பழைய மலைப்பாட்டு இல்லை, அந்தக் காலத்து இளம் பாடகி ஜோனி மிட்சலுடையது. இரண்டாம் பாகத்தைத் தயாரித்தவர் இந்த ராண்டிதான்.