விண்டோஸ் நிறுவும்போது எஸ்.எஸ்.டி. ஏன் கண்ணில் படுவதில்லை?

புது லேப்டாப்பில் பென் டிரைவ் வழியாக விண்டோஸ் நிறுவப் போனால், எந்த டிஸ்க்கில் நிறுவுவது என்று கேட்கும் இடத்தில் பட்டியல் காலியாக இருக்கும். விண்டோஸுக்கு முன்பே வரும் அமைப்புத் திரையான பயாஸில் பார்த்தால், தகவல்களைச் சேமிக்கும் டிஸ்க்கான எஸ்.எஸ்.டி. பத்திரமாக இருக்கிறது. பிறகு என்ன சிக்கல்?

இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்புகளில் வி.எம்.டி. என்ற அமைப்பு இயக்கப்பட்டே வருகிறது. இது எஸ்.எஸ்.டி.க்கு முன்னால் நிற்கும் ஓர் இடைத்தரகர். அவரோடு பேசத் தேவையான டிரைவர் என்ற சிறு மென்பொருள் விண்டோஸின் நிறுவல் கோப்புகளில் பெரும்பாலும் இருக்காது. பின்கட்டு வீட்டைத் தேடி வந்த புதுத் தபால்காரர் மாதிரிதான். சந்து வழி தெரியாததால், அப்படி ஒரு வீடே இல்லை என்று திரும்பிவிடுகிறார்.

லேப்டாப் நிறுவனத்தின் தளத்திலிருந்து அந்த டிரைவரை (இன்டெல் ஆர்.எஸ்.டி. என்ற பெயரில் இருக்கும்) இறக்கி, விரித்து (எக்ஸ்ட்ராக்ட் செய்து), அதே பென் டிரைவில் போடுங்கள். விரிக்காமல் இ.எக்ஸ்.இ. கோப்பாகவே வைத்தால் பயனில்லை. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். பிறகு 'லோட் டிரைவர்' அழுத்தி அந்த ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் தெரியும்.

பயாஸில் வி.எம்.டி.யை அணைப்பது இன்னொரு வழி. ஆனால் ஏற்கெனவே உள்ள விண்டோஸ் வேண்டுமென்றால் அதைத் தொடாதீர்கள், அது பூட் ஆகாமல் நீலத்திரையில் நின்றுவிடலாம்.

பட்டியல் காலி என்றதும் எஸ்.எஸ்.டி. செத்துவிட்டது என்று கடைக்கு ஓடுகிறார்கள். பயாஸில் அதன் பெயர் தெரிந்தால் அந்த முடிவுக்கு வர வேண்டியதில்லை.