மகளை அமெரிக்க டிசைன் வகுப்புக்கு அனுப்ப இன்னும் பத்து பவுன் வைக்கலாமா?

கேள்வி: கோவையில் வசிக்கிறோம். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், நன்றாக வரைவாள். ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைன் என்ற அமெரிக்கக் கல்லூரி, பள்ளி மாணவர்களுக்கு நடத்தும் ஆறு வாரக் கோடைப் பயிற்சியில் சேர ஆசைப்படுகிறாள். ஃபீஸ், தங்கும் இடம், டிக்கெட், விசா, வரைபொருட்கள் என்று எல்லாம் சேர்த்து 14 லட்சம் ஆகும் போலிருக்கிறது. நியூ ஜெர்சியில் இருக்கும் நாத்தனார், "பாதியை நான் தரேன், ரெண்டு வருஷத்துல டாலரா திருப்பிக் கொடுங்க. மீதிக்கு நகையை வைங்க, தங்கம்தான் ஏறிட்டே இருக்கே" என்கிறார். ஏற்கெனவே 6 பவுன் அடகில் இருக்கிறது, கடன் 4.2 லட்சம், வட்டி 12%. இன்னும் 10 பவுன் வைத்தால் 7 லட்சம் கிடைக்கும். இருவர் சம்பளமும் கைக்கு வருவது 92,000. வீட்டுக்கடன் தவணை 24,000, வீட்டுச் செலவு 45,000. கல்விக்கடன் போட்டால் வரியாவது மிச்சமாகும் என்கிறார் கணவர். என்ன செய்யலாம்?

பதில்: மகளின் ஆசையைப் பற்றிப் பிறகு பேசுவோம். உங்கள் நீண்ட கடிதத்தில் அந்த 6 பவுனின் கதையைப் படித்ததும்தான் எனக்குக் கவலை வந்தது. ஆரமும் இரண்டு வளையலும் 2021-இல் லேப்டாப்புக்காக 1.6 லட்சத்துக்கு உள்ளே போயின. 2023-இல் புதுப்பிக்கப் போனபோது, விலை ஏறியிருக்கிறது என்று 2 லட்சமாக்கி, கூடுதல் பணத்தை நாத்தனார் வீட்டு விசேஷச் சீருக்குச் செலவழித்தீர்கள். 2024-இல் பெங்களூரு ஓவிய முகாமுக்காக 2.4 லட்சம். இந்த வருடம், பவுன் லட்சத்தைத் தாண்டிய பிறகு, 4.2 லட்சம்.

கட்டிய வட்டியைக் கூட்டிப் பார்த்தேன். முதல் இரண்டு வருடம் 38,000, அடுத்த வருடம் 24,000, அதற்கடுத்த இரண்டு வருடம் 58,000. ஆக 1.2 லட்சம் போயிருக்கிறது. அசலில் ஒரு ரூபாய் குறையவில்லை, மாறாக 2.6 லட்சம் கூடியிருக்கிறது. தங்கம் ஏறியது உங்களுக்கு லாபமாக வந்திருக்க வேண்டியது. ஒவ்வொரு முறையும் அந்த ஏற்றத்தைக் கடனாக மாற்றிச் செலவழித்துவிட்டீர்கள். கவுன்டரில் இருப்பவர் "இன்னும் எலிஜிபிலிட்டி இருக்கு மேடம்" என்றால் பணம் கிடைத்தது போலத்தான் தோன்றும், கடன் என்று தோன்றாது. நிறுத்த வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான். அமெரிக்க வகுப்பு அதன் அடுத்த தவணை மட்டுமே.

இப்போது புதிய கணக்கு. 4.2-உடன் 7 சேர்ந்தால் 11.2 லட்சம். வட்டி மட்டும் மாதம் 11,200. உங்கள் கையில் மிஞ்சுவது 23,000, அதில் பாதி இதற்கே போய்விடும். நாத்தனாரின் 7 லட்சம் வேறு இருக்கிறது. அவர் வட்டி கேட்கவில்லை, ஆனால் டாலரில் கேட்கிறார். டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் சுமார் 7,800 டாலர். பத்து வருடத்துக்கு முன் 65-ஐ ஒட்டி இருந்த டாலர் இது. இரண்டு வருடத்தில் 96 ஆனால் நீங்கள் திருப்புவது ஏறக்குறைய ஏழரை லட்சம். அதுவும் மகளின் கல்லூரி முதல் வருடக் கட்டணத்தோடு சேர்ந்து வரும். பல தனியார் டிசைன் கல்லூரிகளில் நான்கு வருடத்துக்குப் பத்து லட்சத்தைத் தாண்டும்.

கணவரின் கல்விக்கடன் யோசனையும் ஓடாது. கல்விக்கடன் வட்டிக்கான வரிச்சலுகை பிளஸ் டூ முடித்த பிறகு படிக்கும் படிப்புக்குத்தான், அதுவும் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும். பள்ளி மாணவியின் கோடை வகுப்பு அதில் வராது.

வகுப்பைக் குறைத்துப் பேசவில்லை. ஒரே வேலையை நாள் முழுக்கச் செய்வது, ஆளை எதிரில் வைத்து வரைவது, வரைந்ததைச் சுவரில் ஒட்டி எல்லோர் முன்னும் விமர்சனம் கேட்பது, இதெல்லாம் நம் பள்ளிகளில் கிடைக்காதவை. ஆனால் அங்கே போய் வந்தால் பின்னால் அங்கேயே இடம் உறுதி என்று நாத்தனார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்களே, அப்படி எந்த உறுதியும் இல்லை. அந்தக் கல்லூரி இளங்கலைச் சேர்க்கைக்கு 12 முதல் 20 படைப்புகள் கொண்ட போர்ட்ஃபோலியோ கேட்கிறது. எங்கே உட்கார்ந்து வரைந்தீர்கள் என்று பார்ப்பதில்லை. நம் ஊர் டிசைன் கல்லூரிகளில் சேர எழுதும் என்ஐடி, நிஃப்ட், யூசீட் நுழைவுத் தேர்வுகளில் கோடைச் சான்றிதழுக்குத் தனி மதிப்பெண் கிடையாது. யூசீட்டில் கணினியில் பதில் சொல்லும் பகுதியும் பேப்பரில் வரையும் பகுதியும் உண்டு, அவ்வளவுதான். தவிர, அந்தக் கோடைப் பயிற்சி ஜூன் பின்பாதியில் தொடங்கி ஆகஸ்ட் தொடக்கம் வரை ஓடும். இங்கே அப்போது பிளஸ் டூ பாடம் தொடங்கி ஓடிக்கொண்டிருக்கும். இதை வீட்டில் யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆகவே இந்த வருடம் வேண்டாம். முழு உதவித்தொகை கிடைத்தால் மட்டும் மறுபடி பேசலாம். ஏப்ரல், மே இரண்டு மாதமும் நுண்கலைக் கல்லூரியில் படித்த ஓர் ஆசிரியரிடம் நேரடிப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்யுங்கள். வாரம் மூன்று நாள் என்றால் இரண்டு மாதத்துக்கும் சேர்த்து 20,000-க்குள் முடித்துவிடலாம். மற்ற நாட்களில் உக்கடம் மார்க்கெட்டிலோ காந்திபுரம் பஸ் ஸ்டாண்டிலோ உட்கார்ந்து வரையட்டும். சென்னை போனால் எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடத்தில் ஒரு முழு நாள். சோழர் காலச் சிலையின் இடுப்பு வளைவைப் பத்து முறை வரைந்தவளுக்குப் போர்ட்ஃபோலியோவில் வைக்கச் சரக்கு இருக்கும்.

கடிதத்தின் பின்குறிப்பில் 2.75 லட்ச ரூபாய் 'போர்ட்ஃபோலியோ மென்டரிங்', நோ காஸ்ட் இஎம்ஐ என்று ஒன்றைக் கேட்டிருக்கிறீர்கள். அது ஒரு நிதி நிறுவனத்தின் கடன். வகுப்பு பாதியில் பிடிக்காமல் போனாலும் தவணை நிற்காது. உங்கள் ஏஜென்ட் சொல்லும் குழந்தைகள் யூலிப்பும் (காப்பீடும் முதலீடும் சேர்ந்த பாலிசி) வேண்டாம். கல்லூரிக்கு இன்னும் ஒன்றரை வருடம்கூட இல்லை, ஐந்து வருடம் பணத்தைப் பூட்டி வைக்கும் பாலிசியை இப்போது எடுத்து என்ன செய்வது?

மிஞ்சும் 23,000-இல் மாதம் 20,000 நகைக்கடனுக்குக் கட்டுங்கள். தீபாவளிக்குக் கணவருக்கு வரும் 80,000 போனஸையும் அதிலேயே போடுங்கள். 16 மாதத்தில், மகள் கல்லூரி சேரும் சமயம், சுமார் 60,000 மட்டும் மீதி இருக்கும்.

நாத்தனாரிடம் நீங்கள் பேச வேண்டாம், உங்கள் கணவர் பேசட்டும். "அக்கா, கடனா வேண்டாம். பாப்பா காலேஜ் சேர்றப்போ அத்தையா ஒரு வருஷ ஃபீஸ் கட்டுங்க" என்று நேரடியாகக் கேட்கட்டும். அத்தை அண்ணன் தம்பி பிள்ளைகளுக்குத் தரும் அன்பளிப்புக்கு நம் வருமான வரி கிடையாது. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், 7,800 டாலர் கடனோடு வரும் பாசத்தைவிட அது மலிவு.

அடுத்த புதுப்பிப்பு எப்போது என்று கடிதத்தில் இல்லை, அடகு ரசீதில் பாருங்கள். அன்று வட்டியோடு சேர்த்துக் கையில் இருக்கும் பணத்தை அசலுக்கும் கட்டிவிட்டு, குறைந்த தொகைக்குப் புது ரசீது வாங்குங்கள். கூடுதல் தொகை போட்ட படிவத்தை நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.